டவர் இருக்கிறது, சிக்னல் இல்லை: மலைக் கிராமங்களைச் செல்பேசிச் சேவை ஏன் எட்டுவதில்லை?

ஒடிசாவின் ஜார்சுகுடாவில் 2025 செப்டம்பர் 27 அன்று பிஎஸ்என்எல் நிறுவனத்தின் உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜி சேவையைப் பிரதமர் தொடங்கிவைத்தார். ஏறத்தாழ 97,500 கோபுரங்கள் செயல்பாட்டுக்கு வருவதாகவும், அதுவரை இணைப்பே இல்லாதிருந்த 26,700க்கும் மேற்பட்ட கிராமங்கள் இதனால் பயன்பெறும் என்றும் அப்போது அறிவிக்கப்பட்டது. ஆனால் ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, பர்கூர் மலை, சத்தியமங்கலம் காடு ஆகிய பகுதிகளின் சிற்றூர்களில் இன்றும் ஒரு அழைப்புக்காக மேடேறிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அறிவிப்பும் பொய்யில்லை, மக்கள் சொல்வதும் பொய்யில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடிவது எப்படி என்பதைப் புரிந்துகொண்டால்தான் எதைக் கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்பது தெளிவாகும்.

## ஒரே சொல்லில் மூன்று பொருள்

நம் ஊர்ப் பேச்சில் "டவர் இல்லை" என்றால் சிக்னல் இல்லை என்று பொருள். இரும்புக் கோபுரத்துக்கும் டவர் என்றுதான் பெயர், கைபேசித் திரையில் தெரியும் கோடுகளுக்கும் டவர் என்றுதான் பெயர். அன்றாடப் பேச்சுக்கு இது போதும். கொள்கையைப் பற்றிப் பேசும்போது மட்டும் இந்த ஒரே சொல் மூன்று வெவ்வேறு நிலைகளை ஒன்றாகக் கலந்துவிடுகிறது.

1. கோபுரம்: ஓரிடத்தில் கட்டமைப்பு நிற்கிறது. இதை எண்ணுவது எளிது; அறிவிப்புகளில் வருவது பெரும்பாலும் இந்த எண்ணிக்கைதான்.
2. எட்டும் பரப்பு: அந்தக் கோபுரத்தின் அலை போதிய வலுவோடு சென்று சேரும் நிலப்பகுதி. இது நிலத்தின் மேடுபள்ளத்தையும் காட்டையும் பொறுத்தது.
3. சேவை: அந்தப் பரப்புக்குள் இருக்கும் ஒருவர், தனக்குத் தேவையான நேரத்தில், தன்னிடம் உள்ள கைபேசியில், தன்னிடம் உள்ள சிம் அட்டையைக் கொண்டு பேசவும் இணையத்தைப் பயன்படுத்தவும் முடிவது.

முதலாவது இருப்பதால் இரண்டாவது தானாக வந்துவிடாது. இரண்டாவது இருந்தாலும் மூன்றாவது உறுதியில்லை. மக்களுக்கு வேண்டியது மூன்றாவது; அரசு எண்ணுவது முதலாவது. குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

## அலை எங்கே நின்றுவிடுகிறது

செல்பேசிச் சேவை ரேடியோ அலைகளில் இயங்குகிறது. இந்தியாவில் 700, 850, 900, 1800, 2100, 2300 மெகாஹெர்ட்ஸ் எனப் பல அலைவரிசைப் பட்டைகள் பயன்பாட்டில் உள்ளன. பொதுவாக அதிர்வெண் குறையக் குறைய அலை அதிகத் தொலைவு செல்லும், சுவரையும் மரத்தையும் ஓரளவு கடக்கும். அதிர்வெண் கூடக் கூட ஒரே நேரத்தில் அதிகத் தரவைக் கொண்டுசெல்ல வசதி கூடும், எட்டும் தொலைவு குறையும். ஆகவே நகரத்துக்கு ஏற்ற பட்டை வேறு, பரந்து கிடக்கும் ஊரகத்துக்கு ஏற்ற பட்டை வேறு. தொலைவு செல்லும் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை 2016 ஏலத்திலும் 2021 ஏலத்திலும் விலை அதிகம் என்ற காரணத்தால் வாங்குவோர் இன்றிக் கிடந்தது. 2022 ஏலத்தில்தான் ஜியோ நிறுவனம் அதை வாங்கியது. பிறகு பிஎஸ்என்எல் நிறுவனத்துக்கும் அரசு அதே பட்டையில் இடம் ஒதுக்கியது. ஊரகத்துக்கு மிகவும் பொருத்தமான அலைக்கற்றை இத்தனை ஆண்டுகள் யாருக்கும் பயனின்றி இருந்ததை, ஏலத்தைக் கருவூல வருவாயாக மட்டும் பார்த்ததன் விளைவு என்றே கொள்ள வேண்டும்.

சமவெளியில் ஓர் உயரமான கோபுரம் பல கிலோமீட்டர் சுற்றளவுக்குப் பணி செய்யும். மலையில் அந்தக் கணக்கு செல்லாது. கோபுரத்துக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு முகடு குறுக்கிட்டால், நேர்கோட்டில் தொலைவு இரண்டு கிலோமீட்டராக இருந்தாலும் பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர் நிழலில் விழுந்துவிடும். அடர்ந்த ஈரக் காட்டின் இலைகள் அலையின் வலுவைக் கணிசமாக உறிஞ்சுகின்றன. ஒரே ஊரின் மேல்தெருவில் பேச முடிவதும் கீழ்த்தெருவில் முடியாமல் போவதும் இதனால்தான்.

கோடுகள் தெரிந்தும் அழைப்பு போகாதது ஏன் என்பது பலரும் கேட்கும் கேள்வி. கைபேசித் திரையில் தெரியும் கோடுகள், கோபுரம் அனுப்பும் அலை நம்மிடம் எவ்வளவு வலுவாக வந்து சேருகிறது என்பதை மட்டுமே காட்டுகின்றன. கோபுரம் பத்துக்கணக்கான வாட் திறனில் ஒலிபரப்புகிறது. நம் 4ஜி கைபேசி திருப்பி அனுப்புவதோ அதிகபட்சம் 0.2 வாட் அளவில். அதாவது கோபுரம் கூப்பிடுவது நமக்குக் கேட்கிறது, நாம் பதில் சொல்வது கோபுரத்துக்குக் கேட்பதில்லை. எட்டும் பரப்பின் விளிம்பில் உள்ள வீடுகளின் நிலை இதுதான். கோடுகளை நம்பாமல், கைபேசியின் அமைப்புகள் பகுதியில் சிம் நிலை என்ற இடத்தில் காணப்படும், சிக்னலின் வலுவை அளக்கும் டிபிஎம் எண்ணைப் பார்ப்பது நல்லது. 4ஜியில் அது கழித்தல் 80 அளவில் இருந்தால் நல்ல சிக்னல். கழித்தல் 110க்குக் கீழே போனால் மிக நலிந்தது. கழித்தல் 120ஐ நெருங்கினால் இணைப்பு அறுந்துவிடும் நிலை. ஒவ்வொரு 10 எண் இறக்கமும் வலு பத்தில் ஒரு பங்காகக் குறைவதைக் குறிக்கும். ஆகவே 80க்கும் 110க்கும் உள்ள வேறுபாடு ஆயிரம் மடங்கு.

கைபேசியும் ஒரு காரணம். 4ஜி மட்டும் தரும் கோபுரத்தின் கீழ் நின்றாலும், வோல்ட்டி என்ற 4ஜி குரல் வசதி இல்லாத பழைய பட்டன் போனில் பேச முடியாது. 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையை ஏற்காத பழைய ஸ்மார்ட்போன்களும் புழக்கத்தில் நிறையவே இருக்கின்றன. கோபுரம் வந்த பிறகும் "எங்களுக்கு வரவில்லை" என்று முதியவர்கள் சொன்னால், முதலில் அவர்கள் கையில் இருக்கும் கருவியைப் பார்க்க வேண்டும்.

## கோபுரத்தின் முதுகுப்புறம்

கோபுரம் தனியாக எதையும் செய்துவிட முடியாது. அதற்கு இடைவிடாத மின்சாரம் வேண்டும். அதை மைய வலைப்பின்னலோடு இணைக்கும் பின்னிணைப்பு வேண்டும். பின்னிணைப்பைத் தொழிலில் இருப்போர் பேக்ஹால் என்பார்கள். மலைப்பகுதிச் சேவையின் தரம் பெரும்பாலும் இந்த இரண்டால்தான் தீர்மானிக்கப்படுகிறது.

மின்தடை ஏற்பட்டால் கோபுரம் பேட்டரியில் ஓடும். பேட்டரி தீர்ந்தால் டீசல் ஜெனரேட்டர் இயங்க வேண்டும். மலையில் காற்றிலும் மழையிலும் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்தால் சீராவதற்கு நாட்கள் ஆகலாம். சாலையும் துண்டிக்கப்பட்டால் டீசல் கொண்டுபோக வழியில்லை. சேவை மிகவும் தேவைப்படும் நாளில்தான் அது நிற்கும் என்பது இந்த அமைப்பின் உள்ளார்ந்த குறை. இது மலைக்கு மட்டும் உரியதன்று. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் பல ஊர்கள் நாட்கணக்கில் வெளியுலகத் தொடர்பின்றி இருந்தன. கோபுரம் சாயாமல் இருந்த இடங்களிலும் அதை இயக்க மின்சாரம் இல்லை.

பேக்ஹால் மூன்று வகைப்படும்.

1. கண்ணாடி இழை வடம்: அதிகத் தரவைத் தாங்கும், மிகச் சிறந்தது. ஆனால் சாலைப் பணிக்காக மண் தோண்டும் இயந்திரம் ஒருமுறை வெட்டிவிட்டால் அதற்குப் பின்னால் உள்ள எல்லா ஊர்களும் அணைந்துவிடும்.
2. மைக்ரோவேவ்: ஒரு கோபுரத்திலிருந்து அடுத்த கோபுரத்துக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று அலை வழியே தாவிச் செல்வது. சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் கடைசிக் கோபுரம் பயனற்றுப் போகும்.
3. செயற்கைக்கோள்: வேறு வழியே இல்லாத இடங்களுக்கு. 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள புவிநிலைச் செயற்கைக்கோளுக்குச் சென்று திரும்புவதால் ஒருவர் பேசி மற்றவர் பதில் கேட்க அரை நொடி தாமதம் உண்டு, தரவு வேகமும் மட்டாகவே இருக்கும்.

ஊராட்சிகளைக் கண்ணாடி இழை வடத்தால் இணைக்கும் திட்டத்துக்கு 2011இல் ஒப்புதல் தரப்பட்டது. பின்னர் அது பாரத்நெட் என்று பெயர் மாறியது. ஊராட்சி அலுவலகம் வரை நேர்கோட்டில் வடம் போடும் பழைய முறையில், ஓரிடத்தில் வெட்டுப்பட்டால் அப்பால் உள்ளதெல்லாம் நின்றுவிடும். 2023இல் ஏறத்தாழ 1.39 லட்சம் கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் பெற்ற திருத்திய திட்டம், வடத்தை வளையமாக அமைக்கச் சொல்கிறது. ஒரு பக்கம் அறுந்தாலும் மறு பக்கம் வழியே தரவு செல்லும். தமிழ்நாட்டில் இந்தப் பணி தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. வடம் ஊராட்சி அலுவலகத்தோடு நிற்காமல் அருகிலுள்ள செல்பேசிக் கோபுரம் வரை சென்றால்தான் மலைக்கு இதனால் பயன்.

## நிறுவனங்கள் வராததன் கணக்கு

தனியார் நிறுவனங்கள் மலைக்கு வராததைப் பேராசை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது எளிது; கணக்கைப் போட்டுப் பார்ப்பதே பயன்தரும். ஒரு மலைச் சிற்றூரில் 150 இணைப்புகள் இருப்பதாகவும், அவை மூன்று நிறுவனங்களிடம் சமமாகப் பிரிந்திருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஓர் இணைப்பிலிருந்து மாதம் 200 ரூபாய் கிடைத்தால் ஒரு நிறுவனத்தின் மாத வருவாய் 10,000 ரூபாய். இப்போது செலவில் டீசலை மட்டும் பார்ப்போம். ஜெனரேட்டர் மணிக்கு 2 லிட்டர் குடிக்கும் என்றும், நாளுக்கு 4 மணி நேரம் ஓடுகிறது என்றும், லிட்டர் 90 ரூபாய் என்றும் கொண்டால் மாதத்துக்கு 21,600 ரூபாய் ஆகிறது. கட்டுமானச் செலவு, மின்கட்டணம், இட வாடகை, பேக்ஹால், பழுதுபார்ப்பு எதையும் இன்னும் சேர்க்கவில்லை. ஒரு நிறுவனத்துக்கு இது நிலையான நட்டம். மூன்று நிறுவனங்களும் தனித்தனியாக மூன்று கோபுரம் நட்டால் அது மூன்று மடங்கு நட்டம்.

இந்த எடுத்துக்காட்டிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. சந்தை தானாக இந்த ஊர்களுக்கு வராது, பொதுப்பணம் தேவை. அந்தப் பணத்தையும் ஒரே கோபுரத்தை எல்லாரும் பகிரும்படி செலவிட்டால்தான் அது தாங்கும்.

## பணம் ஏற்கெனவே எடுக்கப்படுகிறது

இதற்கான நிதி புதிதாகத் தேடப்பட வேண்டிய ஒன்றன்று. 2002 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து, 2003ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் சட்டத் தகுதி பெற்ற அனைவருக்குமான சேவைக் கடப்பாட்டு நிதி என்ற ஒன்று உள்ளது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் சில கழிவுகள் போக மிஞ்சும் தங்கள் வருவாயில் 8 விழுக்காட்டை உரிமக் கட்டணமாக அரசுக்குச் செலுத்துகின்றன. வருவாயில் 5 விழுக்காடு, அதாவது அந்தக் கட்டணத்தில் எட்டில் ஐந்து பங்கு, இந்த நிதிக்கு உரியது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் இதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் சூட்டியது. அதற்கான விதிகள் 2024 ஆகஸ்ட் இறுதியில் வந்தன. நாம் செய்யும் ஒவ்வொரு ரீசார்ஜிலும் ஒரு சிறு பங்கு, இணைப்பு எட்டாத ஊர்களின் பெயரால் எடுக்கப்படுகிறது என்பதே இதன் பொருள். கோபுரம் கேட்டு மனு கொடுக்கும் மலைவாழ் மக்கள் சலுகை கேட்கவில்லை. அவர்கள் பெயரால் திரட்டப்பட்ட பணத்தின் கணக்கைக் கேட்கிறார்கள்.

இந்த நிதியிலிருந்து நிறைவேற்றப்படும் பெரிய திட்டம், 2022 ஜூலை 27 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 4ஜி நிறைவுத் திட்டம். மதிப்பு 26,316 கோடி ரூபாய். இணைப்பில்லாத 24,680 கிராமங்களுக்குப் புதிதாக 4ஜி, 2ஜி அல்லது 3ஜி மட்டுமே உள்ள 6,279 கிராமங்களுக்கு 4ஜி மேம்பாடு ஆகியவை நோக்கம். நிறைவேற்றும் பொறுப்பு பிஎஸ்என்எல் நிறுவனத்துக்கு. மைய வலைப்பின்னல் ஒன்றிய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட் உருவாக்கியது, ரேடியோ கருவிகள் தேஜஸ் நெட்வொர்க்ஸ் தயாரித்தவை, ஒருங்கிணைப்பு டிசிஎஸ் நிறுவனத்தினுடையது. உள்நாட்டுத் தொழில்நுட்பத்தைக் காத்திருந்து உருவாக்கியதால் பணி தாமதப்பட்டது என்ற குறை உண்டு. ஆனால் நீண்டகால நோக்கில் அந்த முடிவு சரியானதே.

அடுத்து வந்த முன்னேற்றம் செய்திகளில் அதிகம் பேசப்படவில்லை, பயனோ மிகப் பெரியது. 2025 ஜனவரி 17 அன்று, டிஜிட்டல் பாரத் நிதியின் உதவியால் நடப்பட்ட கோபுரங்களில் வட்டத்துக்குள் ரோமிங், அதாவது ஒரே தொலைத்தொடர்பு உரிமப் பகுதிக்குள் ரோமிங், என்ற வசதி தொடங்கப்பட்டது. ஊரில் ஒரு நிறுவனத்தின் கோபுரம் மட்டும் இருந்தாலும், மற்ற நிறுவன சிம் வைத்திருப்பவரின் கைபேசியும் அதில் ஏறிக்கொள்ளலாம் என்பதே இதன் சாரம். மேலே போட்ட கணக்கில் மூன்று கோபுரத்தின் செலவு ஒன்றாகிறது, 150 பேருக்கும் சேவை கிடைக்கிறது. பொதுப்பணத்தில் நடப்படும் ஒவ்வொரு கோபுரத்துக்கும் இது விதிவிலக்கின்றிப் பொருந்த வேண்டும். நடைமுறையில் ஒவ்வொரு கோபுரத்திலும் எல்லா நிறுவன சிம்களும் உண்மையில் ஏறுகின்றனவா என்று களத்தில் சோதிக்கவும் வேண்டும்.

## 'கிராமம்' என்று எதை எண்ணுகிறோம்

நாட்டிலுள்ள 6,44,131 கிராமங்களில் 6,12,952 கிராமங்கள், அதாவது 95.15 விழுக்காடு, 3ஜி அல்லது 4ஜி இணைப்பு பெற்றவை என்பது 2024 ஏப்ரல் நிலவரப்படி ஒன்றிய அரசு தந்த கணக்கு. மீதம் 31,179 கிராமங்கள். முதல் பார்வைக்கு வேலை முடியப்போகிறது என்று தோன்றும்.

ஆனால் கிராமம் என்பது மக்கள் கூடி வாழும் இடம் அன்று. அது ஒரு நிர்வாக எல்லை. தமிழ்நாட்டின் ஊரக அமைப்பை எடுத்துக்கொண்டால் இது தெளிவாக விளங்கும். மாநிலத்தில் 12,525 ஊராட்சிகள் இருந்தன. அவற்றுக்குள் 79,000க்கும் மேற்பட்ட குடியிருப்புகள் இருந்தன. சராசரியாக ஓர் ஊராட்சிக்கு ஆறு குடியிருப்புகளுக்கு மேல். சமவெளியில் இவை அடுத்தடுத்து இருப்பதால் ஒரு கோபுரமே பலவற்றுக்கும் போதும். மலையில் ஒரு குடியிருப்பு முகட்டில், அடுத்தது ஓடைக்கு அப்பால், இன்னொன்று காட்டுப்பாதையில் ஒரு மணி நேர நடையில் என்று சிதறிக் கிடக்கின்றன. முகட்டில் உள்ள பெரிய ஊருக்குச் சிக்னல் வந்ததும் பட்டியலில் அந்தக் கிராமத்தின் பெயருக்கு நேரே குறி விழுந்துவிடும். ஓடைக்கு அப்பால் இருப்பவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்களாகிவிடுகிறார்கள். இணைப்பில்லாத கிராமங்களுக்கான திட்டத்திலும் அவர்களுக்கு இடமில்லை, ஏனெனில் அவர்களது கிராமம் இணைப்புள்ள கிராமம்.

குடிநீர், சாலை, தெருவிளக்கு எல்லாவற்றையும் நாம் குடியிருப்பு வாரியாகத்தான் கணக்கிடுகிறோம். செல்பேசிச் சேவையை மட்டும் கிராம வாரியாகக் கணக்கிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாமல் எத்தனை கோபுரங்கள் நட்டாலும், விடுபட்டவர்கள் விடுபட்டவர்களாகவே இருப்பார்கள்.

## சிக்னல் இல்லாததால் எது நின்றுபோகிறது

செல்பேசி ஒரு வசதி என்றிருந்த காலத்தில், சிக்னல் இல்லாதது ஓர் அசௌகரியம். அரசு தன் சேவைகளைச் செல்பேசியின் மேல் கட்டியெழுப்பிய பிறகு, சிக்னல் இல்லாதது உரிமை இழப்பு. மாற்றம் படிப்படியாக நடந்ததால் இதன் ஆழம் நகரத்தில் இருப்போருக்குத் தெரிவதில்லை.

தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் 2020 அக்டோபர் முதல் கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. விற்பனை இயந்திரம் சேவையகத்தோடு தொடர்புகொண்டால்தான் கைரேகை சரிபார்க்கப்படும். சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊரில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயன்பெறும் பணிகள் தவிர மற்ற எல்லாப் பணியிடங்களிலும் நாளுக்கு இருமுறை, நேரமும் இடமும் பதிந்த படத்தோடு செயலி வழியே வருகைப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. படம் பதிவேறாவிட்டால் பாதிக்கப்படுவது உழைத்தவரின் கூலி.

ஓடிபி என்ற ஒருமுறைக் கடவுச்சொல் இன்னும் நுட்பமான தடை. அது குறுஞ்செய்தியாக வரும். சில நிமிடங்களில் காலாவதியாகும். சிக்னல் கிடைக்கும் பாறைக்குக் கால் மணி நேரம் ஏற வேண்டிய ஊரில், வங்கிக் கணக்கோ உதவித்தொகை விண்ணப்பமோ வீட்டிலிருந்து முடிக்க இயலாத காரியம். ஊராட்சி அலுவலகத்தில் வைஃபை இருந்தால் போதுமே என்பார்கள். வைஃபை இணையத்தைத் தரும். குறுஞ்செய்தி செல்பேசி வலைப்பின்னல் வழியே வருவது. வைஃபை வழி அழைப்பு வசதியுள்ள கைபேசியும் அதை அனுமதிக்கும் நிறுவனமும் சேர்ந்தாலொழிய, நல்ல இணைய வேகத்துக்கு நடுவில் அமர்ந்துகொண்டும் ஓடிபி வராமல் தவிக்க நேரும்.

உயிர் சார்ந்த விளைவு அவசர அழைப்பில் தெரிகிறது. பிரசவ வலி, பாம்புக்கடி, யானை தாக்குதல் என்று காட்டோர ஊர்களில் எழும் அவசரங்களில் ஆம்புலன்ஸ் வர எடுக்கும் நேரத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். ஆம்புலன்ஸை அழைக்கவே எடுக்கும் நேரம் அந்தக் கணக்கில் வருவதில்லை. மேடேறி ஒருவர் தகவல் சொல்லி முடித்த கணத்திலிருந்துதான் கட்டுப்பாட்டு அறையின் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. இங்கே அறிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி உண்டு. தன் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு எந்த நிறுவனத்தின் சிக்னல் எட்டினாலும் கைபேசி 112 என்ற எண்ணை அதன் வழியே இணைக்க முயலும். 108 எண்ணை எல்லாக் கைபேசிகளும் அவ்வாறு அவசர எண்ணாக எடுத்துக்கொள்ளும் என்று உறுதியில்லை. ஆகவே "அவசர அழைப்பு மட்டும்" என்று திரையில் தெரியும்போது 112ஐ அழைத்துப் பார்க்க வேண்டும். மாநில எல்லையில் உள்ள தாளவாடி, பந்தலூர் போன்ற பகுதிகளில் அழைப்பு அண்டை மாநிலக் கோபுரத்தில் ஏறிவிட்டால், அது அந்த மாநிலத்தின் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடக்கூடும். நம் எல்லைக்குள் கோபுரம் வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேரிடர் எச்சரிக்கையும் இதே வகைதான். ஒரு பகுதியின் கோபுரங்கள் வழியே அங்குள்ள எல்லாக் கைபேசிகளுக்கும் ஒரே நேரத்தில் ஒலியோடு எச்சரிக்கை அனுப்பும் முறையை அரசு உருவாக்கிவருகிறது. கோபுரம் எட்டாத இடத்தில் அந்த ஒலி எழாது. 2009 நவம்பரில் நீலகிரியில் நிகழ்ந்த நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எச்சரிக்கை முதலில் சேர வேண்டிய சரிவுகளும் பள்ளத்தாக்குகளும்தான் சிக்னல் நிழலில் இருக்கின்றன.

## காட்டுக்குள் கோபுரம்

வனப்பகுதியில் கோபுரமோ வடமோ அமைக்க வனத்துறை அனுமதி வேண்டும். பல திட்டங்கள் ஆண்டுக்கணக்கில் இங்கே தேங்குகின்றன. காட்டைக் காக்கும் சட்டம் தளர வேண்டும் என்பது இதற்குத் தீர்வாகாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2)இல், பள்ளி, மருந்தகம், குடிநீர்க் குழாய், சாலை உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்கு, ஒரு எக்டேருக்குக் குறைவான வனநிலத்தை, எக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரையோடு பயன்படுத்த வழி செய்துள்ளது. அந்தப் பட்டியலில் மின்தடமும் தொலைத்தொடர்புத் தடமும் உள்ளன. சட்டம் "தடம்" என்றே சொல்வதால், கோபுரத்துக்கும் அது பொருந்துமா என்ற ஐயத்தில் கோப்புகள் நிற்கக்கூடும். ஒரு தெளிவுரை இந்த ஐயத்தை நீக்கிவிடும். ஏற்கெனவே உள்ள பள்ளி வளாகத்திலோ குடியிருப்பின் நடுவிலோ சிறிய கோபுரம் அமைத்துச் சூரிய மின்சாரத்தில் இயக்கினால் காட்டுக்குத் தொல்லை மிகக் குறைவு. டீசல் வண்டியும் ஜெனரேட்டர் இரைச்சலும்கூட இருக்காது.

செயற்கைக்கோள் இணையம் வந்தால் இவை எதுவும் வேண்டியதில்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு 2025 ஜூனில் இந்தியாவில் உரிமம் கிடைத்தது. ஆனால் அந்தச் சேவைக்குத் தனித் தட்டும், மறைப்பில்லாத வானமும், மின்சாரமும் வேண்டும். கையிலிருக்கும் சாதாரண கைபேசியில் அது நேரடியாகப் பேச வைக்காது. ஒரு சிறு கோபுரத்துக்கான பேக்ஹாலாக அதைப் பயன்படுத்துவதே மலைக்குப் பொருத்தமானது.

## எதைக் கேட்க வேண்டும்

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த தர விதிகளின்படி, நிறுவனங்கள் தங்கள் சேவை எட்டும் பரப்பை வரைபடமாகத் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று பணித்துள்ளது. இது நல்ல ஆயுதம். வரைபடத்தில் வண்ணம் பூசப்பட்ட இடத்தில் சிக்னல் இல்லை என்று காட்ட முடிந்தால், "உங்கள் கிராமம் பட்டியலில் உள்ளது" என்ற பதிலோடு மனுவை மூட முடியாது. அதற்குக் கோரிக்கை "எங்கள் ஊருக்கு டவர் வேண்டும்" என்ற ஒற்றை வரியாக இருந்தால் போதாது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அதற்கு முந்தைய ஒரு வாரத்தில் கீழ்க்கண்டவற்றைப் பதிந்து தீர்மானத்தோடு இணைக்கலாம்.

1. கிராமத்தின் பெயர் மட்டுமன்றி ஒவ்வொரு குடியிருப்பின் பெயர், வீடுகளின் எண்ணிக்கை, கைபேசி வரைபடச் செயலி காட்டும் அட்ச, தீர்க்க ரேகை எண்கள்.
2. ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒவ்வொரு நிறுவனத்தின் சிம்முக்கும் காலை, நண்பகல், இரவு என மூன்று வேளை டிபிஎம் அளவு.
3. அருகில் கோபுரம் இருந்தால் அது எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்கு மீண்டும் வந்தது, அந்த நேரத்தில் மின்சாரம் இருந்ததா என்ற குறிப்பு.
4. பொதுப்பணத்தில் நடப்பட்ட கோபுரமானால், மற்ற நிறுவன சிம்கள் அதில் ஏறுகின்றனவா என்ற சோதனை.
5. நியாயவிலைக் கடை, பள்ளி, அங்கன்வாடி, துணை சுகாதார நிலையம் ஆகியவற்றின் வாசலில் கிடைக்கும் சிக்னல்.

மூன்றாவது குறிப்பே மற்றவற்றைவிட முக்கியமானது. கோபுரம் நட்ட நாளை அரசு பதிந்து வைக்கிறது. அது எத்தனை மணி நேரம் இயங்கியது என்பதைக் குடியிருப்பு வாரியாக, மாதந்தோறும், யாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்பதே கிராம சபைத் தீர்மானத்தின் முதல் வரியாக இருக்கட்டும். டிஜிட்டல் பாரத் நிதியிலிருந்து நிறுவனத்துக்குப் போகும் பராமரிப்புத் தொகை அந்த மணிக்கணக்கைப் பொறுத்தே விடுவிக்கப்பட வேண்டும் என்பது இரண்டாவது வரியாக இருக்கட்டும்.